கச்சா எண்ணெய் விலை குறைந்தாலும் ஆசிட் ஸ்லரி விலை ஏன் குறைவதில்லை? இடையில் யாராவது பதுக்குகிறார்களா?

எனக்குத் தெரிந்தவரை பதுக்கல் இல்லை. ஆசிட் ஸ்லரி என்பது சோப்புத் தூளில் அழுக்கை எடுக்கும் மூலப்பொருள். கேள்வியைப் பார்த்தால் சோப்புத் தூள் தொழிலுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள், டீலர் சொன்ன விலையைக் கேட்டு எரிச்சலில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் 'பதுக்கல்' என்ற சொல்லைத் தூள் தயாரிக்கும் என்னிடமே நேராகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயிலிருந்து 10 முதல் 13 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி (கிளையில்லாத) பாரஃபினைப் பிரித்தெடுத்து, பென்சீனோடு இணைத்தால் கிடைப்பது எல்.ஏ.பி. (லீனியர் அல்கைல் பென்சீன்). அதை சல்ஃபர் ட்ரையாக்சைடு வாயுவாலோ ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலத்தாலோ வினைபுரிய வைத்தால் (சல்ஃபோனேட் செய்தால்) நாம் டிரம்மில் வாங்கும் ஸ்லரி. எடைக் கணக்கில் எல்.ஏ.பி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பென்சீன். ஸ்லரியில் கால் பங்கு கந்தகத்திலிருந்து வருவது. ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு விலையை அல்ல, மூன்று விலைகளை. அந்த மண்ணெண்ணெய்ப் பகுதிக்கு விமான எரிபொருள் போட்டிக்கு நிற்கிறது. பென்சீனைத் தெர்மகோலுக்கான ஸ்டைரீன் ஆலைகள் அள்ளிக்கொள்கின்றன. கந்தகத்தில் பெரும்பங்கு உரத்துக்குப் போகிறது. இவர்கள் எல்லோரும் வாங்கியது போக மிஞ்சும் சரக்கின் விலைதான் நம்மிடம் வருகிறது.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் எல்.ஏ.பி. தயாராகிறது. ஏறக்குறைய அத்தனையும் துணியும் பாத்திரமும் கழுவத்தான். ஸ்பெயின், சவுதி அரேபியாவின் ஜுபைல், கத்தாரின் மெசயீத், சீனா என்று ஆலைகள் இருக்கின்றன. நம் நாட்டில் ரிலையன்ஸ், இந்தியன் ஆயில், நிர்மா, மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ். மணலி ஆலைக்குப் பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தே மூலப்பொருள் போகிறது. இதெல்லாம் சேர்ந்தும் நாட்டின் தேவைக்குப் போதாமல் இறக்குமதி செய்கிறோம். அதிலும் 2017-ல் சீனா, ஈரான், கத்தார் சரக்குக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டார்கள். உள்ளூர் ஆலை பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் செலவை மூட்டை மூட்டையாகச் சுமந்தது எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் கதை. 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. அதே வாரம் நான் தூள் விலையை ஏற்ற வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக என் சரக்கை வாங்கும் மளிகைக்கடை அண்ணாச்சி போன் போட்டார். "டிவியில விலை குறைச்சாச்சுன்னு சொல்றான், நீ ஏத்துற. ஸ்டாக் வச்சுப் பதுக்குறியா தம்பி?" அரசு குறைத்தது வரியை; உக்ரைன் போருக்குப் பின் கச்சா எண்ணெய் அப்போதும் பேரல் 100 டாலருக்கு மேலேதான் இருந்தது. விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கி அந்த எரிபொருளும் ஏறிக்கொண்டிருந்தது, கந்தகமும் உச்சத்தில். பில்லை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அப்போ ஸ்லரியைக் குறைச்சு டோலமைட்டைக் கூட்டிப் போடு, விலையைத் தொடாதே."

முடியாது என்றேன். டோலமைட் வெறும் கல்மாவு; அழுக்கை எடுக்காது, கரையாமல் பக்கெட் அடியில் மண்ணாகத் தங்கும், துணியின் நூலைத் தேய்க்கும். நம் ஊர் போர்வெல் உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து அதிகம். ஸ்லரியில் ஒரு பங்கு அதோடு சண்டை போட்டே வீணாகிறது. அதையும் குறைத்தால் அந்தத் தூளை வாங்கும் அக்காவுக்கு என்ன மிஞ்சும்? அண்ணாச்சி சில மாதங்கள் வேறு தூளை அடுக்கி வைத்தார். எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் என் பாக்கெட்டில் ஸ்லரி குறையவில்லை, அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் விஷம், பூந்திக்கொட்டை போதும்" என்று சிலர் எழுதுவார்கள். பூந்திக்கொட்டை நல்ல பொருள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1950-களில் கிளைச்சங்கிலி வகை டிடர்ஜென்ட் மக்காமல் ஐரோப்பிய ஆறுகளில் நுரை மலையாக நின்றது. ஜெர்மனி 1961-ல் சட்டமே போட்டது. அதன் பிறகுதான் பாக்டீரியா தின்னக்கூடிய இந்த நேர்ச்சங்கிலி வந்தது. காற்றோட்டமுள்ள சுத்திகரிப்பில் இது நன்றாகவே மக்கும். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டால் நுரைக்கத்தான் செய்யும், பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நுரை ரோட்டுக்கே வந்ததைப் பார்த்தோம். அதற்குத் தூள் தயாரிக்கிறவனை மட்டும் திட்டிப் பயனில்லை.

கேள்விக்கு வெளியே ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்லரிக்கு நாங்கள் முன்பணம் கட்டினால்தான் டிரம் இறங்கும். சரக்கு வாங்கும் பெரிய கடைகளோ மாதக்கணக்கில் இழுக்கின்றன. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. விலை ஏற்றத்தைவிட இதுதான் சின்ன யூனிட்டுகளை மூட வைக்கிறது.

சரி, உங்களுக்கு. கச்சா எண்ணெயைப் பார்ப்பதை விட்டுவிட்டு பென்சீன் விலையைப் பாருங்கள். ஸ்லரி எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு பிடிபடும். டீலரிடம் கிலோ விலையை மட்டும் கேட்காதீர்கள். ஆக்டிவ் (அழுக்கை எடுக்கும் சத்து) 90 சதவீதமா, 96 சதவீதமா என்று கேட்டு, அந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரியும் டிரம்மில் பல நேரம் மீதமுள்ள கந்தக அமிலம்தான் அதிகம் இருக்கும், அதை நடுநிலையாக்க சோடா ஆஷும் கூடுதலாகப் போட வேண்டிவரும்.