நாற்பது வெற்றி, எத்தனை ஓட்டத்தில்?

கேள்வி: கிண்டியில் ஓடப்போகும் இரண்டு வயதுக் குதிரையில் பங்கு சேரச் சொல்கிறார் நண்பர். பயிற்சியாளர் 40 பந்தயம் வென்றவராம். நம்பலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: எத்தனை ஓட்டத்தில் 40? 200-ல் என்றால் கையெடுத்துக் கும்பிடலாம். 800-ல் என்றால் இருபதுக்கு ஒன்று. அவரிடம் இரண்டு வயதில் ஓடிய குதிரைகளில் எத்தனை நான்கு வயதிலும் ஓடுகின்றன என்றும் கேளுங்கள். அங்கேதான் பேச்சு தடுமாறும்.

இந்தியாவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். ஜனவரியில் பிறந்த குட்டியும் ஏப்ரலில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒன்றுதான். முன்னங்கால் முட்டியில் ஒன்றல்ல. அங்கே எலும்பு வளர்ந்து கூடுவதற்கு இரண்டு, இரண்டரை வயதாகிவிடும். அதற்குள் ஓடவிடப் போகிறாரா என்று கேளுங்கள்.

குதிரையை நடக்கவிட்டு முன்னாலும் பின்னாலும் நின்று பாருங்கள். மேலப்பாளையம் சந்தையில் என் தாத்தா மாடு பார்த்தது அப்படித்தான். தரகர் விலை பேசத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக்கொண்டு பொறுமையிழக்க, இவர் புழுதியில் பதிந்த குளம்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கால் வீசி நடந்தால் விலையே பேச மாட்டார்.

மாதாந்தரத் தீனி, லாயச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.