தொண்டையில் ‘ஹெமாஞ்சியோமா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, வயது 30. மாத்திரையில் கரையுமா, லேசரில் எரித்துவிடலாமா?

30 வயதில், நாக்கின் அடியில் தொடங்கித் தொண்டைச் சுவர் வரை நீல வீக்கம், படுத்தால் குறட்டை என்றால் அது பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய் செல்கள் பெருகி உண்டாகும் கட்டி) அல்ல. சிரைக் குறைபாடு, அதாவது வீனஸ் மால்ஃபர்மேஷன். ரிப்போர்ட்டுகளில் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் தப்பானால் மருந்தும் தப்பாகிவிடும்.

உண்மையான ஹெமாஞ்சியோமா கைக்குழந்தைகளுக்கு வருவது. பிறந்த சில வாரங்களில் தலைகாட்டி, சில மாதம் வேகமாக வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் தானாக வடியும். குரல்நாணுக்குக் கீழே வந்தால் மூச்சில் சத்தம் கேட்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் குறைந்து மறுபடி வருவதால் க்ரூப் (குழந்தைகளுக்குத் தொற்றால் வரும் குரல்வளை வீக்கம்) என்று ஏமாந்துவிடுவதுண்டு. 2008-க்குப் பிறகு இதற்கு முதல் மருந்து ப்ரொப்ரனலால்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி., பிரித்து, பாலோடு. குழந்தை பால் குடிக்காத நாளில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம்.

சிரைக் குறைபாட்டில் பெருகும் செல் கிடையாது, தளர்ந்த சிரைப் பைகள்தான். ப்ரொப்ரனலாலுக்கு அங்கே வேலையே இல்லை. தலையைத் தாழ்த்தினாலோ முக்கினாலோ வீங்கும், விரலால் அழுத்தினால் அமுங்கும். எம்.ஆர்.ஐ.யில் ஆழம் தெரியும். ஆனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஸ்கோப் விட்டு, முக்கச் சொல்லிப் பார்த்தால்தான் மூச்சுவழி எவ்வளவு அடைபடுகிறது என்று தெரியும். டி-டைமர், ஃபைப்ரினோஜன் என்ற ரத்த உறைவுச் சோதனைகள் இரண்டும் முன்கூட்டியே வேண்டும்; பெரிய வீக்கங்களுக்குள் ரத்தம் உறைந்து கரைந்தபடியே இருக்கும். பயாப்ஸி (சோதனைக்குச் சதைத் துணுக்கு வெட்டுவது) எடுக்க யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள், ரத்தம் நிற்காமல் போகலாம்.

இனி லேசர். ‘எரிப்பது’ என்ற நினைப்பே தவறு. மேலோட்டமான பகுதிக்கு என்டி-யாக் லேசர், 1064 நானோமீட்டர். சளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போகும். ஃபைபரைத் தொடாமல் சில மி.மீ. தள்ளிப் பிடித்து, 20 வாட் அளவில், அரை வினாடித் துடிப்புகளாகச் சுடுவார்கள். புள்ளி அந்த நொடியே வெளுத்துச் சுருங்க வேண்டும். கருகினால் அதிகம் சுட்டாயிற்று, அங்கிருந்துதான் ரத்தம் பீறிடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே தொடாத சவ்வை விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்தால் சவ்வு உரிந்து, ஆறும்போது வளையமாகத் தழும்பு விழுந்து, வழி முன்னைவிடக் குறுகிப்போகும். மூச்சுவழியில் லேசர் என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு: ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குள், நைட்ரஸ் ஆக்சைடு கூடாது, மூச்சுக்குழாயில் போடும் ட்யூப் லேசர் தாங்குவதாக இருக்க வேண்டும், அதன் கஃப்பில் (ட்யூபைச் சுற்றி உப்பும் பலூன்) காற்றுக்குப் பதில் நீலச் சாயம் கலந்த சலைன். கஃப் ஓட்டையானால் நீலம் காட்டிக்கொடுக்கும்.

ஆழமான பகுதிக்கு ஊசி வழி ஸ்கிலிரோதெரபி, அதாவது சிரைப் பைக்குள் மருந்து செலுத்திச் சுருங்கவைப்பது. பிரச்சினை, மருந்து போட்ட பிறகு முதல் 2, 3 நாட்களில் ஏறும் வீக்கம். அதனால் ட்யூபை உடனே எடுக்காமல் ஐ.சி.யு.வில் வைப்பார்கள்; சிலருக்கு முன்னெச்சரிக்கையாக ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி வைப்பது). ப்ளியோமைசின் என்ற ஊசி மருந்து குறைவாக வீங்கவைப்பதால் தொண்டைக்குப் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் மொத்த அளவு கூடக்கூட நுரையீரல் தழும்பாகும் ஆபத்து. இன்னொரு சின்ன விஷயம்: ப்ளியோமைசின் போட்ட அன்று ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்த இடத்தில் தோல் கருத்து மாதக்கணக்கில் இருக்கலாம், ஒட்டாமல் இருப்பதே நல்லது.

விரலுக்கடியில் துடித்தால் கதை வேறு, தமனி-சிரை இணைப்பு. அதற்கு எம்போலைசேஷன் வேண்டும், அதாவது ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் (கதீட்டர்) விட்டு உள்ளிருந்தே அடைப்பது. கழுத்தில் ஊட்டும் தமனியைக் கட்டிவிடுவது பெரிய பிழை: புதுக் கிளைகள் முளைக்கும், கதீட்டர் போகும் வழியும் அடைபட்டுவிடும்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். பரவலான, அறுக்க முடியாத வீக்கங்களுக்கு சிரோலிமஸ் உண்டு, ரத்த அளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. சுருக்கும், போக்காது. லேசரும் ஊசியும்கூடப் பல தவணை, நடுவே 6 முதல் 8 வாரம் இடைவெளி. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது இரண்டு: மயக்கம் கொடுக்கும்போது மல்லாந்து படுத்ததும் இது வீங்கினால் ட்யூபை எப்படிப் போடுவீர்கள்? அந்த ட்யூபை எந்த நாள், எதைப் பார்த்து எடுப்பீர்கள்?