சங்கொலிக்கு ஓர் அடைமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இத்துடன் அனுப்பியுள்ள சிறுகதையில் சாவு வீட்டுச் சங்கொலியை ‘ஹான்டிங்கான மோர்ன்ஃபுல் வெய்ல்’ என்று எழுதியிருக்கிறேன். அது ஒட்டவில்லை என்கிறார் நண்பர். தமிழில் தேடினால் ‘சோகமான ஓலம்’ என்பதற்கு மேல் எதுவும் கைக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் உள்ளது போன்ற நுட்பமான தொடர்கள் நம்மிடம் இல்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விசும்பல், விம்மல், தேம்பல், கேவல், அரற்றல் என்று அழுகைக்கே இத்தனை சொற்கள் இருக்கையில், சொல் பஞ்சம் என்பதை நான் ஒப்பமாட்டேன். ஆங்கிலம் கலந்ததும் பெரிய குற்றமில்லை. ஒப்பாரிக்கு நிகராக ஆங்கிலத்தார் ஆளும் ‘கீனிங்’ என்ற சொல்லே அயர்லாந்துக்காரர்களின் மொழியிலிருந்து போனதுதான். என் மறுப்பு வேறு. ‘மோர்ன்ஃபுல்’ என்றாலும் ‘சோகமான’ என்றாலும், கேட்டவரின் மனநிலையை அறிவிக்கிறீர்களே தவிர ஒலியை எழுதவில்லை. (‘வெய்ல்’ என்பதை அவசரமாகப் படிப்பவர் வெயில் என்று படித்துவிடுவார் என்பது தனித் தொல்லை.)

சங்கொலி தன்னளவில் துக்கமானதும் அன்று; வங்காளத்தில் கல்யாணத்துக்கே சங்கு ஊதுகிறார்கள். முகாரி அழுகை ராகம் என்று பேர் வாங்கிவிட்டது, ஆனால் நம் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய ‘எந்தனினே’ கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. புறநானூற்று 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ‘ஓரில் நெய்தல் கறங்க’ என்று சாப்பறையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘ஈர்ந்தண்’ என்ற அடைமொழி மற்றொரு வீட்டின் மண முழவுக்குத்தான் கிடைக்கிறது, இழவு வீட்டுப் பறைக்கு ஒன்றுமே இல்லை.

உங்கள் கதைக்கு வருவோம். நம் பக்கத்தில் சங்கு ஊதுபவரே சேகண்டியையும் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சுக் குறையக் குறையச் சங்கின் நாதம் நுனியில் நடுங்கி அறுபட, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் சேகண்டியின் அடி விழுகிறது. உள்ளே ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத் தலைகவிழ்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்கள், பாட்டின் அடியை உச்சத்தில் எடுத்து, இறக்கிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லைக் கேவலிலோ மூக்கை உறிஞ்சுவதிலோ விட்டுவிடுகிறார்கள். வாசலில் புதிதாக ஒரு சொந்தம் வந்து இறங்கினால், ஓய்ந்திருந்த குரல் மறுபடி மேலேறுகிறது. இவற்றில் எது வாய்க்கால் கரையில் நிற்கும் உங்கள் கதாபாத்திரத்தின் காதில் விழுகிறது, எது காற்றில் விடுபட்டுப் போகிறது என்று நீங்கள் தீர்மானித்துவிட்டால் அடைமொழிக்கு வேலை இருக்காது.

ஆங்கிலத்திலேயே யோசித்துப் பழகிய ஒருவர், ஊரைவிட்டுப் போய் நெடுநாள் கழித்துத் திரும்பியவர், தம் வாயால் ‘ஹான்டிங்’ என்று சொன்னால் அதை அப்படியே விடலாம். அது அவருடைய பேச்சு. நீங்கள் அனுப்பிய கதையில் அப்படி எவரும் இல்லை, கதைசொல்லிதான் பேசுகிறார். திருத்தும்போது, மாற்றாக நீங்கள் யோசித்து வைத்திருக்கும் ‘சோகமான’ என்பதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.