வாசகர் கேள்வி: போடாமலே நின்றுபோன எண்ணெய்க் குழாய்

கேள்வி: டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து அரிட்டாபட்டிப் பக்கம் நாங்கள் போராடியபோது, கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் போனில், "இங்கேயும் ஒரு பெரிய எண்ணெய்க் குழாய்த் திட்டம் இப்படித்தான் நின்னுபோச்சு பெரியம்மா" என்றான். அது என்ன திட்டம், எப்படி நின்றது?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அவர் சொன்னது நார்தர்ன் கேட்வே திட்டமாகத்தான் இருக்கும். அல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் கலந்த மணலிலிருந்து பிரித்தெடுக்கும் எண்ணெயை 1,177 கி.மீ. குழாயில் மலையும் ஆறும் தாண்டி மேற்குக் கரையில் உள்ள கிட்டிமாட் வரை கொண்டுபோய், அங்கே கப்பலேற்றி ஆசியாவுக்கு அனுப்ப என்பிரிட்ஜ் நிறுவனம் திட்டம் போட்டது. நாளைக்கு 5,25,000 பீப்பாய்.

அந்த எண்ணெய் லேசில் ஓடாது. அலங்காநல்லூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் பாகு ஆறிப்போனால் துடுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பதம். கண்டன்சேட் என்ற லேசான திரவத்தைக் கலந்தால்தான் குழாயில் நகரும், அதைக் கடற்கரையிலிருந்து கொண்டுவரவே பக்கத்தில் இன்னொரு குழாய் போடுவதாக இருந்தது. 2010-ல் இதே நிறுவனத்தின் வேறொரு குழாய் அமெரிக்காவின் மிச்சிகனில் உடைந்து கலமசூ ஆற்றில் கொட்டியபோது, லேசானது ஆவியாகிப் போக, கனமானது ஆற்றடியில் படிந்துவிட்டது, வாரி எடுக்க வருடக்கணக்கானது. சால்மன் மீனை நம்பிப் பிழைக்கிற பழங்குடிகள் பயந்ததில் என்ன தப்பு?

2014 ஜூனில் கனடா அரசு 209 நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அதே மாதம் ஹார்ட்லி பே என்ற சின்னஞ்சிறு ஊரின் கிட்காட் பழங்குடிப் பெண்கள், கம்பளி நூலைக் கொக்கி ஊசியால் நீளமான சங்கிலியாகப் பின்னி, பிள்ளைகளின் படங்களை அதில் கட்டி, எண்ணெய்க் கப்பல் வரவேண்டிய கடல்வழிக்குக் குறுக்கே படகில் கொண்டுபோய் இழுத்துக் கட்டினார்கள். 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்து வந்த நம் பெண்களைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது.

அப்புறம் கோர்ட். 2016 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, பழங்குடிகளோடு அரசு முறையாகக் கலந்து பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக. அடுத்து வந்த அரசு அந்த நவம்பரில் திட்டத்தையே நிராகரித்தது. எல்லாரும் எதிர்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பங்கு கிடைக்கும் என்று சம்மதித்த பழங்குடிக் குழுக்களும் இருந்தன.

சரி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரி 23-ல் ரத்தாகிவிட்டது என்று விட்டுவிடாமல், உங்கள் ஊர் கிராமசபையில் போட்ட தீர்மானத்தின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஊரைக் கேட்டார்களா என்று நாளைக்கு ஒரு கோர்ட் கேட்டால், எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.