சொந்த ஏஜென்சி வைத்தால் ஐஆர் 35 விட்டுவிடுமா?

தம்பி, லண்டனில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் கான்ட்ராக்டர்களான உங்கள் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி தொடங்கப் போகிறார்கள், கிளையன்டின் பணம் அதன் வழியாகத் தங்கள் லிமிடெட் கம்பெனிகளுக்கு வந்தால் ஐஆர் 35 என்ற வரிச் சட்டத்தில் சிக்காமல் வரி மிச்சமாகும் என்கிறார்கள், நானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிக்காக என்றால் வேண்டாம்.

ஐஆர் 35 வந்தது 2000 ஏப்ரலில். பெயருக்குத் தனிக் கம்பெனி, நடப்பில் கிளையன்டின் ஊழியர் என்று இருப்பவரிடம் ஊழியருக்குரிய வரியையும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் வாங்கும் சட்டம் அது. முன்பெல்லாம் ஒரு வேலை இந்தச் சட்டத்துக்கு உள்ளேயா (ஊழியர் மாதிரி) வெளியேயா (நிஜமான தனித் தொழில்) என்று கான்ட்ராக்டரின் கம்பெனியே முடிவு செய்துகொள்ளும். அரசுத் துறையில் 2017-லும் தனியாரில் 2021-லும் அந்த முடிவு கிளையன்டின் கைக்குப் போனது. சிறிய நிறுவனம் கிளையன்டாக இருந்தால் இன்னும் பழைய முறைதான். முடிவும் உங்களுடையது, பிசகினால் கட்ட வேண்டியதும் நீங்கள்தான். மற்றபடி 'உள்ளே' என்று கிளையன்ட் சொல்லிவிட்டால், உங்கள் கம்பெனிக்கு நேர் மேலே நின்று பணம் தருகிறவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். பெரும்பாலும் அது ஏஜென்சி.

அந்த ஏஜென்சியே நாமாகிவிட்டால் யார் பிடிப்பது? உங்கள் நண்பர்களின் கணக்கு இதுதான். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. வேலை செய்பவருக்கு 5 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கும் கம்பெனியைச் சட்டம் வரி பிடிக்கும் இடத்தில் வைப்பதே இல்லை. அதைத் தாண்டி, அதற்கு மேலே இருக்கும் வேறு ஏஜென்சி அல்லது கிளையன்ட் தலையில் பொறுப்பு விழும். நாலு பேர் என்றால் ஆளுக்கு 25 சதவீதம். மனைவி பெயரில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவர் பங்கும் உங்கள் பங்கோடுதான் சேரும். சரி, 20 பேரைச் சேர்த்து ஆளுக்குச் சரியாக 5 என்று வைத்தால்? அப்போது ஏஜென்சி தகுதி பெற்றுவிடும், அதுவே உங்கள் பணத்தில் வரியைப் பிடித்தாக வேண்டும். எந்தச் சாலையில் போனாலும் சுங்கச்சாவடி இருக்கிறது.

உள்ளேயா வெளியேயா என்பது நடுவில் எத்தனை கம்பெனி என்பதைப் பொறுத்ததல்ல. வெளியே என்று காட்ட ஒப்பந்தத்தில் 'எனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம்' என்று ஒரு வரி இருக்கும். நடப்பில் கிளையன்ட் கொடுத்த லேப்டாப், காலை ஒன்பதரைக்கு அவர்கள் மேனேஜர் நடத்தும் ஸ்டாண்ட்-அப் கூட்டம், லீவு வேண்டுமென்றால் அவரிடமே கேட்பது, இந்த வேலை முடிந்ததும் அவர் தூக்கிக் கொடுக்கும் அடுத்த வேலை. வரித்துறையான எச்எம்ஆர்சி இந்த நடப்பைத்தான் பார்க்கும். கிளையன்டின் முடிவு தவறென்று பட்டால் காரணத்தோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 45 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். என் கருத்தில் புதுக் கம்பெனி பதிவு செய்வதைவிட இது பயனுள்ள வேலை.

மற்றவர்களுக்கு வேலை பிடித்துத் தரும் நிஜமான தொழிலாகவே ஏஜென்சி நடத்துவது வேறு கதை. இங்கே பொதுவாக அதற்கு லைசென்ஸ் கிடையாது. கிளையன்ட் தருவதில் ஆளுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் மார்ஜின் உங்களுடையது. ஆனால் பெரிய கம்பெனிகள் தங்கள் பட்டியலில் இருக்கும் ஏஜென்சிகளோடு மட்டும்தான் பேசும், புது ஆள் உள்ளே நுழைவது பெரும்பாடு. அப்புறம் கைக்காசு. கிளையன்ட் 30 நாள், 60 நாள் என்று இழுப்பார். நீங்கள் அனுப்பிய ஆளுக்கோ, ஏஜென்சிகளுக்கான 2003 விதிமுறைப்படி, கிளையன்ட் இன்னும் தரவில்லை என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்த முடியாது. அந்த ஆளே அந்த விதிமுறையிலிருந்து எழுத்தில் விலகியிருந்தால்தான் விதிவிலக்கு. வேலை தேடித் தந்ததற்கு அவரிடம் கட்டணம் வாங்குவதும் குற்றம்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் விசா. ஸ்கில்டு வொர்க்கர் என்றால் ஸ்பான்சர் செய்த வேலையை விட்டுவிட்டுக் கான்ட்ராக்டராகப் போக முடியாது. படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவிலோ டிபென்டன்ட்டாகவோ இருந்தால் சுயதொழில் செய்யலாம். வரிக் கணக்கில் விளையாடுவது நம்மைப் போன்றவர்களுக்கு வரியோடு முடிவதும் இல்லை. டயர் 1 ஜெனரல் என்ற பழைய விசாவில் வந்த பலருக்கு, விசாவுக்குக் காட்டிய வருமானமும் எச்எம்ஆர்சிக்குக் காட்டியதும் ஒத்துப்போகவில்லை என்று நிரந்தர வசிப்புரிமையையே மறுத்தார்கள். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் அப்படி மறுத்தது நியாயமில்லை என்று 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் சிலர் வேலையையும் வீட்டையும் இழந்திருந்தார்கள்.

நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள், கிளையன்ட் எவ்வளவு பெரியவர், அவர் எழுத்தில் முடிவு ஏதும் கொடுத்திருக்கிறாரா? இந்த மூன்றையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.