பழைய காருக்கு எந்தப் புகை விதி பொருந்தும்?

கேள்வி: 2012இல் பதிவான பெட்ரோல் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கிறேன். பி.எஸ். 6 வந்துவிட்டதால் அதைச் சென்னையில் ஓட்ட முடியாமல் போகுமா?

தாராளமாக ஓட்டலாம். பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அதாவது வண்டிப் புகைக்கு அரசு வகுத்த தர நிலை. அதில் பி.எஸ். 6 என்பது 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கப்படும் வண்டிகளுக்கான விதி. தொழிற்சாலையை விட்டு வரும்போது ஒரு கார் எந்த நிலைக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டதோ, அதன் ஆயுள் முழுவதும் அந்த நிலையே அதற்கு அளவுகோல். கை மாறினாலும் அது மாறுவதில்லை.

ஆனால், பதிவான ஆண்டை மட்டும் பார்த்து அது எந்த நிலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். பி.எஸ். 4 விதி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் வந்ததோ 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னையில் பதிவான கார் பி.எஸ். 4 ஆகவும், அதே மாதம் வெளி மாவட்டத்தில் பதிவான அதே மாடல் பி.எஸ். 3 ஆகவும் இருக்க வாய்ப்புண்டு.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான் வாங்கியதும் 2012இல் பதிவான கார்தான், திருவண்ணாமலைப் பதிவு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கை ஒட்டிய புகைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பையன் ஆண்டைப் பார்த்து பி.எஸ். 4 என்று கணினியில் பதிந்துவிட்டு, சைலன்சருக்குள் குழாயைச் செருகி எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டான். திரையில் கார்பன் மோனாக்சைடு 0.6 சதவீதம் என்று காட்டியது. "அண்ணா, ஃபெயில். வண்டி சூடாகல, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றான். சொன்னது சரிதான், வெளியேறும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காசிமேடு வரை ஓட்டிவிட்டுத் திரும்பியபின் அளவு 0.38க்கு இறங்கியது. அப்போதும் ஃபெயில்தான், ஏனெனில் பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3.

வீட்டுக்கு வந்து பழைய உரிமையாளர் கொடுத்த ஃபைலைப் புரட்டியபோது, தயாரிப்பாளர் தரும் படிவம் 22 கிடைத்தது, அதில் பி.எஸ். 3 என்று தெளிவாக இருந்தது. பி.எஸ். 2, 3 பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளியேறும் எரிபொருள்) 750 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 750 பங்கு வரை அனுமதி உண்டு, பி.எஸ். 4 என்றால் ஹைட்ரோகார்பன் 200தான். மறுநாள் அதே கார், அதே புகையோடு பாஸானது. ஒரு குறை, பி.எஸ். 4, 6 வண்டிகளுக்குச் சான்றிதழ் ஓராண்டு செல்லும். எனக்கோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலைச்சல். அலுப்பாக இருந்தாலும் தள்ளிப்போடுவதில்லை, சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

டீசல் கார் என்றால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, வரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், ஹார்ட்ரிட்ஜ் என்ற புகை அடர்த்தி அலகில் பி.எஸ். 4க்கு முந்தியவற்றுக்கு வரம்பு 65, பி.எஸ். 4க்கு 50. மணலி, எண்ணூர்ப் பக்கத்துச் சாலைப் புழுதியில் ஓடிய டீசல் வண்டியாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதிக் கரும்புகைக்குக் காரணம் அங்கேயே இருக்கும்.

டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் தடை, தில்லி தலைநகர் வட்டாரத்துக்காகப் பிறந்தது. அதைக் காட்டி இங்கே விலையை அடிக்கும் புரோக்கர்களும் உண்டு, பயப்பட வேண்டாம். நமக்குப் பதிவு வயது முக்கியமாவது வேறோர் இடத்தில்: ஆர்.சி. பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாயாகிவிட்டது. பசுமை வரி தனி. நீங்கள் பார்க்கும் காருக்கு அந்தக் கெடு 2027இல் வருகிறது. ஆகவே படிவம் 22ஐக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் கட்டணத்தையும், பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்துவதற்கு ஆகும் டிங்கரிங், பெயின்டிங் செலவையும் இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள்.