தரையில் நன்றாக ஓடும் கிளோ எஞ்சின் மேலே போனதும் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது பொம்மை விமானத்துக்கான 40 அளவு கிளோ எஞ்சின், அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் ஏறக்குறைய 6.5 சிசி எஞ்சின். தரையில் ஒழுங்காக ஓடுகிறது. மேலேறி ஓரிரு நிமிடத்தில் சத்தம் கீச்சென்று கூர்மையாகி நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியாயிற்று, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகிப் பார்த்தாயிற்று. எஞ்சினைப் பிரிக்கலாமா என்கிறார்.

பிரிக்காதீர்கள். முதலில் டேங்கைக் கழற்றுங்கள்.

எனக்கு இது புரிய மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஒரு இறக்கையும் செலவானது. நான் காரைக்குடிக்காரன். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமே ஒன்று கிடக்கிறது என்றாலும், எங்களுக்கு வாய்த்தது கோடையில் வற்றிய கண்மாய்ப் பொட்டல்தான். அங்கே என் விமானம் முதல் இரண்டு நிமிடம் ராஜா மாதிரி பறக்கும். அப்புறம் இருமும், நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் ஊசியைத்தான் திருகினேன். வீட்டுப் பின்கட்டில் ஓட விட்டு ஓட விட்டுப் பார்த்ததில், எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் வாசம் வீடெல்லாம் பரவி, "யாருக்குடா பேதிக்குக் குடுக்கப் போறே?" என்று அப்பத்தா கேட்டதுதான் மிச்சம்.

கடைசியில் வழி காட்டியவர் பொம்மை விமானத்தைத் தொட்டே பார்க்காத ஒரு பைக் மெக்கானிக் அண்ணன். "வண்டி நின்னா பெட்ரோல் வருதான்னு பாக்காம எடுத்ததும் ஸ்குரூவத் திருகுறியே தம்பி" என்றார். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது எஞ்சினை ஓட விட்டு, எரிபொருள் குழாயைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், குழாயில் முத்து முத்தாகக் காற்றுக் குமிழி.

டேங்குக்குள் ஒரு மெல்லிய சிலிகான் குழாய் இருக்கும். அதன் நுனியில் கிளங்க் என்கிற எடைக்குண்டு. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் குண்டு எரிபொருள் இருக்கும் பக்கம் போய் விழும். என் டேங்கில், பித்தளைக் குழாயின் வெட்டிய விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்தேன். அந்தப் பிசிறு சிலிகானை அறுத்து ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுவிட்டது. டேங்க் நிரம்பியிருக்கும்வரை ஓட்டை எரிபொருளுக்குள் மூழ்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. மட்டம் இறங்கி ஓட்டை வெளியே வந்ததும் காற்றை உறிஞ்சும், கலவை மெலியும், அதாவது காற்று கூடி எரிபொருள் குறையும், எஞ்சின் சூடேறி நிற்கும். நம் கணக்கில் அது "இரண்டாவது நிமிடம்". டேங்கை மட்டும் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் இது தெரியாது. உள்குழாயைத் தனியாக உருவி, ஒரு நுனியை விரலால் அடைத்து, சொம்புத் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பாருங்கள்.

குழாய் நல்லபடியாக இருந்தால் இன்னொன்று. மூக்குக் குத்தி இறங்கியதுண்டா? அந்த வேகத்தில் குண்டு முன்பக்கம் மடங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். தரையில் ஓடும், மேலேறும்போது மட்டும் நிற்கும். டேங்க் உயரத்தையும் பாருங்கள். அதன் நடுமட்டம் கார்புரேட்டர் ஊசியின் மட்டத்துக்கு ஒட்டியோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். சுற்றிலும் பஞ்சுநுரை வைக்காவிட்டால் அதிர்வில் எரிபொருளே நுரைத்துவிடும். மஃப்ளரிலிருந்து (புகை போகும் சைலன்சர்) டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய் கழன்றிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஊசி. முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயை ஒரு கணம் கிள்ளி விடுங்கள். வேகம் சற்று ஏறி இறங்கினால் கலவை சரி. ஏறாமல் அப்படியே படுத்தால் எரிபொருள் குறைவு, ஊசியைத் திறக்க வேண்டும். அடுத்து ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்கு நிமிர்த்தட்டும். அவர் புரொப்பல்லருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பத்து விநாடியில் சத்தம் தொய்ந்தால் ஊசியை இன்னும் இரண்டு மூன்று கிளிக் திறங்கள். தரையில் உச்ச வேகத்துக்கு வைத்த ஊசி மேலே போனால் கட்டாயம் மெலியும். காற்றில் புரொப்பல்லருக்குச் சுமை குறைந்து எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றுவதுதான் காரணம்.

பிளக்கைப் பற்றி ஒரு வரி போதும்: கிளப்பும்போது அதைச் சூடாக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்ததும் வேகம் சட்டென்று விழுந்தால் பிளக் போய்விட்டது, அல்லது கலவையில் எரிபொருள் அதிகம். எரிபொருளின் வயதையும் யோசியுங்கள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மூடி தளர்ந்த கேனில் ஐப்பசி மழைக்காலம் முழுக்கக் கிடந்ததை மாசியில் ஊற்றிவிட்டு எஞ்சினைத் திட்டிப் பயனில்லை. எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி வேறு. குழாயில் ஒரு பில்டர் இல்லாமல் நான் எரிபொருள் நிரப்புவதே இல்லை.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டர் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம், பின்மூடி கேஸ்கட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். காற்று அங்கேயும் நுழையும். அதற்கும் மசியாவிட்டால் பேரிங்கில் துரு இருக்கிறதா பார்க்க வேண்டியதுதான், அப்போது எஞ்சினைப் பிரிக்கலாம்.